மாடியில் லைசன்ஸ் காத்தவள்

எனக்கு எழுபத்துநாலு வயது ஆகிறது. பெற்றது ஐந்து, நாத்தனார் போய்ச் சேர்ந்த பிறகு அவளுடைய இரண்டையும் சேர்த்துக்கொண்டு வளர்த்தது ஏழு. ஏழும் தலையெடுத்துவிட்டன. பள்ளிக்கூடத்துக்கு நான் மூன்றாவது வரைதான் போனேன். கையெழுத்துப் போடுவேன், பஸ்ஸில் ஊர்ப்பெயர் படிப்பேன். அதற்கு மேல் எனக்குத் தேவைப்படவில்லை. ஏழு பிள்ளைகளில் எது பொய் சொல்கிறது என்று முகத்தைப் பார்க்காமலே சொல்லிவிடுவேன், மருமகள்களையும் அப்படித்தான். ஆனால் எங்கள் மாடியில் இருந்துவிட்டுப் போன ஒருத்தி மட்டும் எனக்கு இன்றுவரை பிடிபடவே இல்லை. அதனால்தான் பேத்தி யாழினியை உட்காரவைத்து நான் சொல்ல அவள் எழுதுகிறாள். சொல்லிப் பார்த்தாலாவது பிடிபடுகிறதா பார்க்கலாம்.

அவள் பெயரைச் சொல்ல மாட்டேன். சொல்லக் கூடாத பெயர் இல்லை, நல்ல பெயர்தான். ஆனால் கேட்காமல் ஒருத்தருடைய பொருளை எடுக்கிற பழக்கம் அவளுக்குக் கிடையாது. அவளைப் பற்றிச் சொல்லும்போது நானும் எடுக்க வேண்டாமே என்று பார்க்கிறேன். பெயரும் அவளுடைய பொருள்தானே.

எங்கள் வீடு பிள்ளையார்பாளையத்தில். கீழே தறி ஓடுகிறது, பெரிய பிள்ளை பார்த்துக்கொள்கிறான். மாடி காலியாகக் கிடந்தபோது முசரவாக்கத்துப் பையன் ஒருத்தன் வந்து கேட்டான். வயலும் மாடும் உள்ள குடும்பம். இவன் மட்டும் கம்ப்யூட்டர் படித்துவிட்டு, கார்ட்டூன் படம் செய்கிற கம்பெனி வைக்கப்போகிறேன் என்று வந்து நின்றான்.

"சத்தம் வருமாப்பா?" என்று கேட்டேன்.

"எங்களால வராது ஆயா. உங்க தறிச் சத்தம்தான் எங்களுக்கு வரும்."

வாய் இருக்கிறது பையனுக்கு என்று அப்போதே தெரிந்தது. கொடுத்துவிட்டேன்.

வந்தது நாலு பேர். முதலாளி இவன். இரண்டு பேர் வரைகிறவர்கள். நாலாவது ஆள் அவள். முப்பது வயதை ஒட்டி இருக்கும். மற்ற மூன்று பேரும் சாயங்காலம் ஆனால் அவரவர் வீட்டுக்குப் போய்விடுவார்கள். அவள் மட்டும் கம்பெனிக்குப் பக்கத்திலேயே இருந்த சின்ன அறையை எடுத்துக்கொண்டு தங்கினாள்.

வரைகிறவர்கள் செய்வது எனக்குப் புரிந்தது. தொலைந்துபோன அம்மாவைத் தேடிக்கொண்டு ஒரு யானைக்குட்டி ஊர் ஊராகப் போகிறது, அதுதான் படம். குட்டி காதை எப்படி ஆட்டும், மழை பெய்தால் எப்படிச் சுருங்கும் என்று மாய்ந்து மாய்ந்து வரைவார்கள். அவள் முன்னால் இருந்த கம்ப்யூட்டரில் மட்டும் யானையே கிடையாது. வரி வரியாக ஏதோ எழுத்து, ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் ஒரு பச்சைப் புள்ளி, இல்லாவிட்டால் சிவப்புப் புள்ளி. அதையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

"நீ இன்னாமா வேல செய்யற?"

"லைசன்ஸ் பாத்துக்கறேம்மா."

"வண்டி ஓட்டற லைசன்ஸா?"

"இல்லம்மா. படம் செய்யற சாப்ட்வேருக்கு."

"நீ வரைய மாட்டியா?"

"எனக்கு வரையத் தெரியாதும்மா."

"அப்பறம் எதுக்கு உனக்கு சம்பளம் தர்றான் அவன்?"

"அவருக்கும் சில நாள் அந்தச் சந்தேகம் வருதும்மா" என்றாள். சிரிக்கவில்லை. விளையாட்டுக்குச் சொன்னாளா, நிஜமாகவே சொன்னாளா, தெரியவில்லை. அவள் பேச்சு எல்லாமே அப்படித்தான்.

அப்புறம் பொறுமையாக விளக்கினாள். எனக்குப் புரிந்த மட்டும் சொல்கிறேன். வரைவது இங்கே. ஆனால் வரைந்ததற்கு வெயிலும் நிழலும் தோலும் ரோமமும் கொடுத்து நிஜம்போல ஆக்க இங்கே இருக்கிற கம்ப்யூட்டர் போதாது. அதற்கென்று பெரிய பெரிய கம்ப்யூட்டர்கள் எங்கேயோ வரிசையாக இருக்கின்றன. மணிக்கணக்குக்கு வாடகைக்கு எடுப்பார்கள். அதற்குக் கிளவுட் என்று பெயர். மேகம் என்று அர்த்தமாம். நான் ஜன்னல் வழியாக மேலே பார்த்தேன்.

"அங்கல்லாம் இல்லம்மா. தரையிலதான் இருக்குது, பெரிய கொட்டகையில."

"அப்பறம் எதுக்கு மேகம்னு பேர் வெச்சான்?"

அது அவளுக்கும் தெரியவில்லை.

அந்தச் சாப்ட்வேர் ஒரு வெளிநாட்டுக் கம்பெனியுடையது. ஒரே நேரத்தில் இத்தனை கம்ப்யூட்டரில்தான் ஓட்டலாம் என்று அளந்து லைசன்ஸ் கொடுத்திருக்கிறான். அந்த லைசன்ஸ் எல்லாம் எங்கள் மாடியில், அஞ்சறைப்பெட்டி அளவுக்கு ஒரு கறுப்புப் பெட்டியில் இருக்கிறது. எங்கேயோ கொட்டகையில் இருக்கிற வாடகைக் கம்ப்யூட்டர் வேலையைத் தொடங்கும்போது எங்கள் பிள்ளையார்பாளையத்துப் பெட்டியைக் கேட்டு ஒரு லைசன்ஸ் வாங்கிக்கொள்ளும். வேலை முடிந்தால் திருப்பிக் கொடுத்துவிடும். அதை அடுத்தது எடுத்துக்கொள்ளும்.

இது எனக்கு விளங்கிற்று. தறியில் ஏற்றுவதற்கு முன்னால் நீளவாட்டுப் பட்டு இழைகளை, அதுதான் பாவு, நீட்டிக் கட்டிக் கஞ்சி போடத் தெரு முழுக்க வேண்டும். தெருவோ ஒன்றுதான். இன்றைக்கு ஒரு வீட்டுப் பாவு என்றால், வெயில் ஏறுவதற்குள் அவர்கள் சுருட்டிக்கொண்டு போனால்தான் அடுத்த வீட்டுக்காரர் நீட்ட முடியும்.

"அதேதாம்மா!" என்றாள். அன்றைக்குத்தான் அவள் முகம் மலர்ந்து பார்த்தேன்.

"எங்க தெரு கண்ணுக்குத் தெரியுது. உன்னுது எங்கமா இருக்குது?"

பெட்டியைக் காட்டினாள். அதில் ஒரு பச்சை விளக்கு மினுக்கிக்கொண்டிருந்தது. உள்ளே என்ன என்றால் ஒன்றும் இல்லை, அனுமதி மட்டும்தான் என்கிறாள். விளங்கினது போலிருந்தது மறுபடியும் கலைந்துவிட்டது. இல்லாத பொருளுக்கு ஒரு காவல்காரியா என்று நினைத்துக்கொண்டே படியிறங்கினேன்.

இன்னொரு நாள் போனபோது, "கையில வெச்சிக்கினே போயிடுச்சு, பாரு" என்று தனக்குள் பேசிக்கொண்டிருந்தாள். யார் என்று கேட்டேன்.

"வாடகைக் கம்ப்யூட்டர்மா. வாடகை மலிவா வேணும்னா, கொட்டகைக்காரன் நெனச்ச நேரத்துல அத புடுங்கிக்குவான். அது சொல்லாம கொள்ளாம செத்துடும். செத்தது லைசன்ஸ திருப்பிக் குடுக்காது இல்ல? பெட்டி இன்னும் அது கையிலதான் இருக்குதுன்னு நெனச்சிக்கினு இருக்கும். அடுத்தது வந்து க்யூவுல நிக்கும்."

"அப்ப நீ இன்னா செய்வ?"

"செத்தது எதுன்னு பாத்து, அது கையிலருந்து வாங்கி வெப்பேன்."

"செத்தவங்க கையிலருந்து புடுங்கறதுக்கா இவ்ளோ படிச்ச?"

"புடுங்கறது இல்லம்மா. அது திருப்பிக் குடுக்க முடியாம போயிடுச்சு. அதுக்குப் பதிலா நான் குடுக்கறேன்." புள்ளிகளைப் பார்த்துக்கொண்டே அவளே சொன்னாள்: "ஆனா நல்லாப் பாத்துத்தாம்மா செய்யணும். உயிரோட வேல செஞ்சிக்கினு இருக்கறது கையிலருந்து எடுத்துட்டா, அது பாதியில நின்னுடும்."

கம்ப்யூட்டரைப் பற்றித்தான் சொன்னாள். ஆனாலும் படியிறங்கி வந்து வெகுநேரம் அதையே யோசித்துக்கொண்டிருந்தேன்.

எனக்கும் அவளுக்கும் முதல் சண்டை பாத்திரத்தால் வந்தது. மாடிக்குக் குழம்போ கூட்டோ அனுப்புவேன். அனுப்பிய கொஞ்ச நேரத்துக்கெல்லாம் பாத்திரம் பளபளவென்று கழுவித் திரும்பிவிடும். வெறும் பாத்திரமாக. எங்கள் தெருவில் பாத்திரம் அப்படித் திரும்பாது. ஒரு பழமோ, ஒரு பிடி அரிசியோ, ஒன்றும் இல்லையென்றால் கொஞ்சம் சர்க்கரையோ போட்டுத்தான் வரும். அதுவும் அன்றைக்கே வராது. உடனே கொண்டுவந்து வைத்தால் உன் சங்காத்தமே வேண்டாம் என்று அர்த்தம்.

பெரிய மருமகளிடம் சொன்னேன். அவள், "அத்தை, அந்தப் பொண்ணு கழுவிக் குடுக்கறாளேன்னு நான் கோயில்ல தேங்கா உடைக்கணும். உங்க சின்னப் பொண்ணு எடுத்துக்கினு போன குக்கரு மூணு பொங்கலா வரல" என்றாள். இதுதான் சாக்கு என்று என் மகளை இழுக்காமல் இருக்க மாட்டாள்.

நானே மேலே போனேன். "இன்னாமா நீ, வெறும் பாத்திரத்தக் குடுக்கற? எங்களோட ஒட்டவேகூடாதுன்னு இருக்கியா?"

அவள் பதறிப்போனாள். "அய்யோ, இல்லம்மா. உங்களுக்கு அடுத்த வேளைக்கு வேணுமேன்னுதான்."

மறுநாள் பாத்திரம் வந்தது. உடனேதான் வந்தது. உள்ளே ஒரு கற்கண்டு. அதிலிருந்து எந்தப் பாத்திரம் போனாலும் ஒரே ஒரு கற்கண்டோடு திரும்பிவிடும். சின்னக் கிண்ணம் என்றாலும் ஒன்று, பொங்கலுக்குப் பெரிய அடுக்குப் பாத்திரம் போனாலும் ஒன்று. அடுக்குக்குள் அது உருளுகிற சத்தம் கேட்டால் மருமகள் சமையலறையிலிருந்து குரல் கொடுப்பாள்: "அத்தை, லைசன்ஸ் திரும்பி வந்துடுச்சு!" எல்லோரும் சிரிப்போம். இது மரியாதையா, இல்லை தொட்டும் தொடாமலும் இருக்கிற வித்தையா என்று எனக்கு மட்டும் உள்ளுக்குள் குடையும்.

ஒரு நாள் நான் வாசலில் பூ கட்டிக்கொண்டிருந்தேன். கார் ஒன்று வந்து நின்றது. வயதான ஓர் அம்மாள் இறங்கினார். அவள் மாடியிலிருந்து வெள்ளைத் துணியில் சுற்றிய ஒன்றை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்து கொடுத்தாள்.

"பிரிச்சுப் பாத்துக்குங்க அத்தை. கறை எதுவும் இல்ல."

பிரித்தார். அரக்கு நிறம், பச்சைக் கரை. முகூர்த்தப் புடவை. எங்கள் ஊர்ச் சரக்கு என்று எட்ட இருந்தே எனக்குத் தெரிந்தது.

"இத ஏம்மா குடுக்கற? உனக்குன்னு எடுத்ததும்மா இது" என்றார் அந்த அம்மாள்.

"உங்க வீட்டுல எடுத்தது அத்தை."

அந்த அம்மாள் புடவையை மடியில் வைத்துக்கொண்டு காரில் உட்கார்ந்து அழுதார். இவள் கண்ணில் தண்ணீர் இல்லை. கார் போனதும் கேட்டைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள்.

என்னால் வாயை வைத்துக்கொண்டு இருக்க முடியவில்லை. "முகூர்த்தப் புடவைய யாராச்சும் திருப்பிக் குடுப்பாங்களாமா? நாங்க நெய்யறது திருப்பிக் குடுக்கறதுக்கா?"

"அந்த வாழ்க்க முடிஞ்சிடுச்சும்மா. அப்பறம் எதுக்கு அத நான் புடிச்சிக்கினு இருக்கணும்?"

"உனக்குன்னு இப்ப யாரு இருக்காங்க?"

"வேலூர்ல அண்ணன் இருக்காரு. இந்த வேல இருக்கற வரைக்கும் அங்க போகத் தேவையில்ல. போனா, அண்ணி சோறு போடறப்பல்லாம் இத எப்படித் திருப்பிக் குடுக்கப்போறோம்னே இருக்கும். சோத்தத் திருப்பிக் குடுக்க முடியாது இல்லம்மா?"

இவ்வளவுதான் அவள் தன்னைப் பற்றி என்னிடம் சொன்னது.

ஆயுத பூஜை வந்தது. யானைக்குட்டிப் படத்தை வாங்குகிறவர்கள் வெளிநாட்டில் இருக்கிறார்கள்; அவர்களுக்கு நம்முடைய பண்டிகை தெரியாது. விஜயதசமி அன்று மதியத்துக்குள் படம் போய்ச் சேர வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். தாண்டினால் அடுத்த படமும் கிடையாது, கம்பெனியும் கிடையாது என்று முதலாளிப் பையன் முகம் வற்றித் திரிந்தான். கம்பெனி இல்லையென்றால் அவள் வேலூருக்குப் பெட்டி கட்ட வேண்டும். அது எனக்குத்தான் தெரியும்.

எங்கள் வீட்டில் ஆயுத பூஜை அன்றைக்குத் தறி ஓடாது. தறியில் ஓடுகிற நாடா, அச்சு, கத்தரி, தராசு, தையல் மிஷின், அரிவாள்மனை எல்லாவற்றையும் கழுவித் துடைத்துச் சந்தனம் குங்குமம் வைத்து சாமிக்கு முன்னால் பலகையில் அடுக்கிவிடுவோம். வைத்ததை மறுநாள் காலை மறுபூஜை முடியாமல் எடுக்கக் கூடாது. நான் இந்த வீட்டுக்கு வந்த நாளாக எடுத்ததில்லை. ஒரு வருஷம் அரிவாள்மனையைப் பூஜையில் வைத்த பிறகுதான் காய் நறுக்கவில்லை என்று ஞாபகம் வந்தது. மொத்தக் குடும்பமும் ஊறுகாயும் தயிருமாகச் சாப்பிட்டோமே தவிர, கை வைக்கவில்லை.

அன்று அவள் மாடியில் இல்லை. முந்தின நாள் மழையில் பூக்கடைக்காரர் ஒருத்தர் அவளுக்கு ஒரு குடை கொடுத்திருந்தார். பண்டிகை முடிந்ததும் அவர் கடையைச் சாத்திக்கொண்டு ஊருக்குப் போகிறாராம். அதற்குள் குடையைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும் என்று போயிருந்தாள்.

அந்த நேரம் பார்த்து முதலாளிப் பையன் குளித்து நெற்றி நிறைய விபூதியோடு படியிறங்கி வந்தான். கையில் அந்தக் கறுப்புப் பெட்டி. பச்சைப் பிள்ளையைத் தூக்குகிற மாதிரி தூக்கிக்கொண்டு வந்தான்.

"ஆயா, இதையும் வைங்க. எங்களுக்குச் சோறு போடறது இதுதான்."

"வேல ஓடிக்கினு இருக்குதுன்னு சொன்னியேப்பா?"

"அது கிளவுட்ல ஓடுது ஆயா. எல்லாம் காலையிலயே லைசன்ஸ் வாங்கிக்கினு போயிடுச்சு. இது இங்க சும்மாதான் ஒக்காந்துக்கினு இருக்குது. எங்க வீட்டுல டிராக்டருக்கே பொட்டு வெப்போம். இதுக்கு வெக்கலன்னா நல்லாவா இருக்கும்?"

எனக்கும் சரியென்றுதான் பட்டது. சோறு போடுகிறதற்குப் பொட்டு வைக்க வேண்டும். அவனே சந்தனத்தைக் குழைத்து வைத்தான். நாடாவுக்கும் தராசுக்கும் நடுவில் இடம் ஒதுக்கினோம். கற்பூரம் காட்டியாகிவிட்டது.

பொரி கொடுத்துக்கொண்டிருக்கும்போது அவள் வந்தாள். பலகையைப் பார்த்தாள். பெட்டியைப் பார்த்தாள். மாடிக்கு ஓடி, கம்ப்யூட்டரோடு திரும்பி வந்து பையன் முன்னால் வைத்தாள். நானும் எட்டிப் பார்த்தேன். யானைக்குட்டி ஆற்றங்கரையில் நிற்கிறது. எவ்வளவு அழகு! ஆனால் அதன் முகத்துக்குக் குறுக்கே பெரிய பெரிய இங்கிலீஷ் எழுத்து. அடுத்த படத்திலும் அப்படியே. அதற்கடுத்ததிலும்.

"இன்னாமா இது, யான மூஞ்சில போஸ்டர் ஒட்டியிருக்குது?"

"லைசன்ஸ் இல்லன்னா இது வேலைய நிறுத்தாதும்மா. செஞ்சிக்கினே இருக்கும். ஆனா அனுமதி இல்லாம செஞ்சதுன்னு மேல முத்திர குத்திடும்." பையன் பக்கம் திரும்பினாள். "வாங்கிக்கினு போனாலும், நடுநடுவுல பெட்டியக் கேட்டுக்கினே இருக்கும் சார், நீ இருக்கியா இருக்கியான்னு. பெட்டி பதில் சொல்லல."

பையனுக்கு வேர்த்துவிட்டது. பலகைப் பக்கம் கையை நீட்டினான்.

"டேய்! தொடாத!" என்றேன்.

"ஆயா, எங்க பொழப்பே போயிடும்."

"வெச்சது நீதானே? நானா வந்து புடுங்கினேன்?"

பெரிய பிள்ளை குறுக்கே வந்தான். "ஒரு பெட்டிதானம்மா. எடுத்துக்கினு போகட்டுமே."

"இன்னிக்குப் பெட்டி. அடுத்த வருஷம் நீ நாடாவ எடுப்ப. உன் வேலயப் பாருடா."

பையன் அவளைத் தனியாகக் கூப்பிட்டான். தனியாக என்றாலும் என் காதுக்கு எட்டுகிற தூரம்தான். லைசன்ஸை வேறு கம்ப்யூட்டருக்கு மாற்ற முடியுமா என்று கேட்டான். இந்தப் பெட்டிக்கென்றே கொடுத்தது, மாற்ற வேண்டும் என்றால் அந்தக் கம்பெனிக்கு எழுத வேண்டும், பதில் வருவதற்குள் நாளை மதியம் போய்விடும் என்றாள். அவன் குரலைத் தாழ்த்தினான். லைசன்ஸே கேட்காத திருட்டுச் சாப்ட்வேர் ஒன்று கிடைக்கிறதாம். "இன்னிக்கு ஒரு நாளைக்குத்தான். கிளவுட்ல போட்டு ஓட்டிட்டு அழிச்சிடலாம். எவனுக்குத் தெரியப்போவுது?"

"அழிச்சிடலாம் சார். ஆனா திருப்பிக் குடுக்க முடியாது" என்றாள்.

அவன் தலையில் அடித்துக்கொண்டு படியில் உட்கார்ந்துவிட்டான். அவள் என்னிடம் வந்தாள்.

"அம்மா, பெட்டிய எடுத்துக்கலாமா?"

"மறுபூஜை ஆகாம எடுக்கக் கூடாதுமா. உனக்குத் தெரியாததா?"

"தெரியும்மா. அதான் கேக்கறேன்."

"முடியாதுன்னு சொன்னா?"

"எடுக்க மாட்டேம்மா."

வாய்ப்பேச்சுக்குச் சொல்லவில்லை. எடுக்க மாட்டாள், அது எனக்குத் தெரியும். வேலூர் என்ற வார்த்தையை அவள் சொல்லவே இல்லை. அதைச் சொல்லி அழுதிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். ஒன்று இரங்கியிருப்பேன், இல்லை எரிந்து விழுந்திருப்பேன். இவள் கடையில் சாமான் கேட்டுவிட்டு நிற்கிறவளைப் போல நிற்கிறாள். ஏழு பிள்ளைகளை வளர்த்த வீட்டில் யாரும் என்னிடம் இப்படி ஒன்றைக் கேட்டதில்லை.

"என்கிட்ட ஏன் கேக்கற? வெச்சது அவகிட்ட. அவளக் கேளு" என்று சரஸ்வதி படத்தைக் காட்டிவிட்டேன். தப்பித்துக்கொண்டேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

அவள் சாமி கும்பிட்டு நான் பார்த்ததில்லை. படத்துக்கு முன்னால் போய் நேராக நின்றாள். கையைக் கூப்பவும் இல்லை. பக்கத்து வீட்டாரிடம் பேசுகிற மாதிரி, "கொஞ்ச நேரம் எடுத்துக்கறேன். வேல முடிஞ்சதும் கொண்டாந்து இதே எடத்துல வெச்சிடறேன்" என்றாள். அப்புறம் பதிலுக்குக் காத்துக்கொண்டு நின்றாள்.

பல்லியும் சொல்லவில்லை, பூவும் விழவில்லை. வீட்டில் எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள். சாமிக்குப் பதிலாக நான்தான் வாய் திறக்க வேண்டியிருந்தது.

"சொன்ன மாதிரி வெக்கணும்."

"வெப்பேம்மா."

"பொட்ட அழிச்சிடாத."

ஏன் கொடுத்தேன் என்று பெரிய பிள்ளை இன்றைக்கும் கேட்கிறான். யானைக்குட்டிக்காக இல்லை. வேலூருக்காகவும் இல்லை என்றுதான் நினைக்கிறேன். அந்தச் சரஸ்வதி படத்துக்கு முன்னால் நின்று எல்லோரும் கொடு கொடு என்றுதான் கேட்டிருக்கிறோம். திருப்பித் தருகிறேன் என்று கேட்டவள் அவள் ஒருத்திதான். அதற்கு முடியாது என்று எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

மறுநாள் காலை மறுபூஜை செய்தோம். அவரவர் ஆயுதத்தை அவரவர் எடுத்துக்கொண்டார்கள். தறி ஓட ஆரம்பித்துவிட்டது. பலகையைக் கழுவி வெயிலில் சாய்த்தாகிவிட்டது. மதியம் மாடியில் ஒரே கூச்சல். முத்திரை விழுந்த படத்தை எல்லாம் மறுபடி செய்து நேரத்துக்குள் அனுப்பிவிட்டார்களாம். முதலாளிப் பையன் ஜிலேபிப் பொட்டலத்தோடு தெருவில் எதிர்ப்பட்டவர் வாயில் எல்லாம் திணித்துக்கொண்டிருந்தான்.

அவள் படியிறங்கி வந்தாள். கண் சிவந்திருந்தது. கையில் பெட்டி. சந்தனம் காய்ந்து வெடித்திருந்ததே தவிர பொட்டு அழியவில்லை.

"பலகை எங்கம்மா?"

"பூஜதான் முடிஞ்சிடுச்சேமா. எல்லாத்தையும் எடுத்தாச்சு."

"நான் வெக்கறேன்னு சொன்னேனேம்மா."

மருமகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பலகையைக் கொண்டுவரச் சொன்னேன். நாடாவும் தராசும் இல்லாத வெறும் பலகையில், முந்தின நாள் எந்த இடத்தில் இருந்ததோ அதே இடமாகப் பார்த்துப் பெட்டியை வைத்தாள். அந்த ஒற்றைப் பெட்டிக்கு நான் தனியாகக் கற்பூரம் காட்டினேன். அணைகிற வரை நின்றாள்.

"இப்ப எடுத்துக்கலாமாம்மா?"

"எடுத்துக்கோ."

யானைக்குட்டி எல்லோருக்கும் பிடித்துப்போய்விட்டது. அடுத்ததாகப் பெரிய படம் கொடுத்தார்கள். முதலாளிப் பையன் கம்பெனியைச் சென்னைக்கு மாற்றப்போவதாகச் சொல்ல வந்தான். லைசன்ஸையும் கிளவுடிலேயே வைத்துவிடுவார்களாம், பெட்டியே வேண்டாமாம். "வீட்டுல வெச்சா யாராவது புடுங்கிடறாங்க ஆயா" என்றான். யாராவது என்கிறான் பாருங்கள், புடுங்கினவன்!

அவளுக்கும் அங்கே அதே வேலைதான். வேலூருக்குப் போக வேண்டியதில்லை. எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. அந்தப் பெட்டியை அன்று எடுக்க விட்டதால்தான் அவர்கள் பிழைத்தார்கள்; பிழைத்ததால்தான் போகிறார்கள். இதில் நான் சந்தோஷப்பட வேண்டியது எது, மற்றது எது என்று பிரித்துப் பார்க்க எனக்கு வரவில்லை.

போகிற அன்று காலை, சர்க்கரைப் பொங்கல் செய்து சின்னத் தூக்கில் மேலே அனுப்பினேன். பிடி கோணின எவர்சில்வர் தூக்கு. என் பெரிய பிள்ளைக்குப் பால் வாங்கிய தூக்கு அது. மதியம் லாரி வந்தது. அவள் என்னை மாடிக்குக் கூப்பிட்டு ஒவ்வொன்றாகக் காட்டினாள். குழாய் சரியாக இருக்கிறது, ஸ்விட்ச் சரியாக இருக்கிறது, அலமாரிச் சாவி இது, மொட்டைமாடிச் சாவி இது. அறையைப் பெருக்கித் துடைத்திருந்தாள். அவள் அங்கே இருந்தாள் என்பதற்கு ஒரு குண்டூசி கிடைக்காது. வரேம்மா என்றாள். போனாள்.

சாயங்காலம் மருமகள் பாத்திரம் அடுக்கிக்கொண்டிருந்தாள். அடுக்கினவள் நிறுத்திவிட்டாள்.

"அத்தை, லைசன்ஸ் திரும்பி வரல."

மாடி முழுக்கத் தேடினோம். அலமாரி, ஜன்னல் மேடை, மொட்டைமாடி. தூக்கு இல்லை.

மறந்துவிட்டாளா? குண்டூசி வரைக்கும் கணக்குப் பார்க்கிறவள் தூக்கை மறப்பாளா? அப்படியென்றால் வைத்துக்கொண்டாளா? கேட்காமல் ஒன்றும் எடுக்காதவள், முகூர்த்தப் புடவையையே பிடித்துக்கொள்ளாதவள், கோணல் தூக்கைக் கேட்காமல் எடுத்துக்கொண்டு போவாளா? இதுவும் பொருந்தவில்லை, அதுவும் பொருந்தவில்லை. இவ்வளவு நேரம் சொல்லிப் பார்த்தும் எனக்குப் பிடிபடவில்லை.

"போன் பண்ணிக் கேக்கட்டுமா ஆயா?" என்று யாழினி அன்றைக்கே கேட்டாள். வேண்டாம் என்றேன். கேட்டால் மறுநாளே கொரியரில் வந்துவிடும். உள்ளே ஒரு கற்கண்டு இருக்கும். அவளேதான் சொல்லியிருக்கிறாளே, உயிரோடு வேலை செய்துகொண்டிருப்பதன் கையிலிருந்து எடுக்கக் கூடாது என்று. அலமாரியில் அந்த இடத்தில் வேறு பாத்திரம் வைக்க மருமகளை நான் விடவில்லை.

"போதும் யாழினி, பேனாவ வெச்சிடு. மொதல்லருந்து ஒரு தடவ படி, நான் கேக்கறேன். அவசரப்படாமப் படி. படிச்சிட்டு நீ யாருக்கு வேணும்னாலும் காட்டிக்கோ. அவளுக்கு மட்டும் அனுப்பிடாதம்மா."